பார்க் ஸ்டேஷனில் பார்க் எங்கே?

தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில்தான் தினமும் கல்லூரிக்குப் போகிறேன். வழியில் 'பார்க்' என்றொரு ஸ்டேஷன் வரும். இறங்கிப் பார்த்தால் சென்ட்ரல், பஸ், ஆட்டோ, ஜனக்கூட்டம்... எல்லாம் இருக்கும். பெயருக்கேற்ற பார்க் மட்டும் கண்ணில் படாது!

ஒரு காலத்தில் அங்கே நிஜமாகவே ஒரு பூங்கா இருந்தது. பெயர் 'பீப்பிள்ஸ் பார்க்'. 1859இல் சென்னையின் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் உருவாக்கியது. பரப்பளவு 116 ஏக்கர். குளங்கள், நடைபாதைகள், பேண்டு வாசிக்க மேடை என்று நகரத்து மக்கள் காற்று வாங்குவதற்கென்றே அமைந்த இடம். எழும்பூர் மியூசியத்தில் 1855இல் தொடங்கிய மிருகக்காட்சி சாலையும் பிறகு இங்கே வந்து சேர்ந்தது. (காமர்ஸ் நண்பர்களுக்கு ஒரு கொசுறு: புதிய வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததால் 1860இல் பதவி இழந்தவர் இதே டிரெவெலியன்தான்.)

அவ்வளவு பெரிய பூங்கா எங்கே போனது? யாரும் ஒரே நாளில் திருடவில்லை. விக்டோரியா பொது மண்டபத்துக்குக் கொஞ்சம் போனது. 1900இல் மூர் மார்க்கெட் திறந்தது. 1913இல் மாநகராட்சிக்கே ரிப்பன் மாளிகை எழுந்தது. பிறகு ஸ்டேடியம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்துபோக, அந்த இடம் புறநகர் ரயில் நிலையமானது. அதே ஆண்டு வண்டலூரில் புதிய மிருகக்காட்சி சாலை திறக்கப்பட்டது. இன்று மிச்சம் இருப்பது மை லேடீஸ் பூங்கா போன்ற ஒரு துண்டுதான்.

கவனித்தீர்களா? இதில் எதுவுமே கெட்ட காரியம் இல்லை. மார்க்கெட்டும் வேண்டும், ரயிலும் வேண்டும். ஆனால் கட்டடம் கட்டினால் அது கணக்கில் சொத்தாக ஏறுகிறது. சும்மா கிடக்கும் புல்தரைக்குக் கணக்கில் மதிப்பே கிடையாது. அதனால் ஒவ்வொரு முறையும் தோற்பது பூங்காதான்.

பீப்பிள்ஸ் பார்க் தொடங்கிச் சரியாக நூறு வருடம் கழித்து, 1959இல்தான் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்கத் தமிழகத்தில் தனிச் சட்டம் வந்தது. பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக விடவேண்டும் என்ற விதியும் இப்போது இருக்கிறது.

எங்கள் நகர் வரைபடத்திலும் 'பூங்கா' என்று குறித்த ஒரு மனை உண்டு. பூங்கா இன்னும் வரவில்லை. பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அங்கே சமுதாயக்கூடம் கட்டலாம் என்று போன மாதம் பேச்சு எழுந்தது. "சும்மாதானே கிடக்கு" என்றார் அப்பா. மூர் மார்க்கெட் கட்டும்போதும் யாராவது இதையேதான் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது. அடுத்த கூட்டத்துக்கு நானும் போகப் போகிறேன், அந்த வரைபடத்தின் நகலோடு.

உங்கள் தெருவில் அப்படி ஒரு மனை இருக்கிறதா? ஒருமுறை வரைபடத்தை வாங்கிப் பாருங்கள்.