பேரேட்டில் எழுதிய தெய்வநாமம்

ஐரோப்பாவின் இடைக்காலத்தைப் பற்றி எழுதப் புகுந்தோர் பலர், மாதாகோயிலையும் மடங்களையும் ஓர் அத்தியாயத்திலும், கடைவீதியையும் கப்பல்துறையையும் வேறோர் அத்தியாயத்திலும் வைத்துப் பேசுவது வழக்கமாயிற்று. ஆயினும், விடியற்காலையில் பூசை கண்டு, அங்கிருந்து நேரே கணக்கறைக்குச் சென்று பேரேட்டைத் திறந்த அக்காலத்து வணிகன், தன் ஜீவியம் இரண்டாகப் பிளவுபட்டுக் கிடப்பதாக எண்ணியதில்லை. இவ்வுண்மைக்கு இத்தாலி தேசத்துப் பிராத்தோ நகரத்து வணிகர் பிரான்செஸ்கோ தத்தீனியின் சரித்திரத்தைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் கிடைப்பது அரிது. 1870-ஆம் ஆண்டில் அவர் வாழ்ந்த மாளிகையில் கண்டெடுக்கப்பட்ட ஏறத்தாழ 1,50,000 கடிதங்களும், 500-க்கு மேற்பட்ட கணக்கேடுகளும், கூட்டு வியாபார ஒப்பந்தங்களும், இன்ஷூரன்ஸ் பத்திரங்களும் அம்மனிதருடைய அகத்தையும் புறத்தையும் ஒருங்கே நமக்குக் காட்டுகின்றன.

1335-ஆம் ஆண்டளவில் ஓர் எளிய விடுதிக்காரரின் மகனாய்ப் பிறந்த தத்தீனி, 1348-இல் ஐரோப்பாவைச் சூறையாடிய கொள்ளைநோயில் தாய் தந்தை இருவரையும் இழந்தார். பியெரா என்னும் மாதரசி அவரைப் பெற்ற தாய்போல் பேணி வளர்த்தாள். பதினைந்து வயதளவில் அவர் அவிஞ்ஞோன் நகரம் சேர்ந்தார். அக்காலத்தில் போப்பாண்டவரின் ஆசனம் ரோமாபுரியில் இல்லாமல் அந்நகரில் இருந்தபடியால், கர்தினால்மாரும் தூதர்களும் வழக்காளிகளும் யாத்திரிகர்களும் அங்கே இடைவிடாது வந்து குவிந்தனர். சமயத்தின் தலைநகரே வணிகத்திற்கும் பெருஞ்சந்தையாயிற்று. வாளும் கவசமும் விற்கத் தொடங்கிய தத்தீனி, பின்னர் துணியும் உப்பும் மட்டுமின்றி, புளோரன்ஸ் நகரத்து ஓவியர் தீட்டிய தெய்வப் படங்களையும் வருவித்து விற்றார்.

தாயகம் மீண்ட பிறகு பீசா, புளோரன்ஸ், ஜெனோவா, பார்சலோனா, வாலன்சியா, மயோர்க்கா ஆகிய பட்டினங்களில் அவருடைய கூட்டு வியாபாரங்கள் கிளைத்தன. அக்காலத்து வாணிகம் எத்துணைப் பொறுமையை வேண்டியது என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் போதும். 1394-இல் கேட்டனுப்பிய ஆட்டுமயிர், ஸ்பெயினை அடுத்த தீவிலே கத்தரிக்கப்பட்டு, கடல் கடந்து பீசா வழியாகப் பிராத்தோவை அடைந்து, சிக்கெடுக்கப்பட்டு, நூற்கப்பட்டு, நெய்யப்பட்டு, சாயம் தோய்க்கப்பட்டு, மீண்டும் கப்பலேறி, கடைசித் துணி விலைபோவதற்குள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. புயலுக்கும் கடற்கொள்ளைக்கும் போருக்கும் நடுவே அத்தனை காலம் முதலை முடக்கிவைக்கும் ஒருவன் தெய்வத்தை நினைந்தது வெறும் சம்பிரதாயமன்று. அவருடைய பேரேடுகளின் முகப்பில் ஆண்டவன் திருநாமமும் லாபமும் அடுத்தடுத்து எழுதப்பட்டிருப்பதை அச்சூழலில் வைத்தே காண வேண்டும்.

ஆனால் அச்சமயமே அவ்வணிகத்திற்கு ஓர் எல்லையும் கோலியது. பகிரங்கமாக வட்டி வாங்குவோருக்குக் கிறிஸ்தவ முறைப்படி அடக்கமும் இல்லை என்று 1179-இல் கூடிய லாத்தரன் மகாசபை விதித்திருந்தது. ஓர் ஊரில் ஒரு நாணயத்தில் பெற்ற தொகையை, வேறோர் ஊரில் வேறு நாணயத்தில் செலுத்தும் உண்டியல் முறை, வழிப்பறி பயமின்றிப் பணத்தை அனுப்ப உதவியதோடு, வட்டி என்னும் பெயரின்றி ஊதியம் பெறவும் இடமளித்தது. இவ்வூதியம் நியாயமானதா என்று வேதசாஸ்திரிகள் நெடுங்காலம் வாதித்தனர். 1398-இல் தத்தீனி வங்கித் தொழில் தொடங்கியபோது, அவருக்கு வட்டிக்காரர் என்னும் பழி வந்து சேருமென்று வேண்டியவர்களே அஞ்சியதற்குக் காரணம் இதுவே.

அவருடைய நண்பர்களுள் தலையாயவர் சாசனம் எழுதும் தொழிலுடைய லாப்போ மத்ஸேயி. பொருளின் மீதுள்ள பற்றைக் குறைத்துக்கொண்டு ஆத்ம க்ஷேமத்தைக் கருதுமாறு அவர் ஆண்டாண்டாக எழுதிய கடிதங்கள், நட்பின் உயர்வுக்கே ஓர் இலக்கணம். 1399-இல் வெண்ணிற ஆடை தரித்த பாவப்பரிகார யாத்திரிகர்கள் சமாதானம் வேண்டி ஊர் ஊராகச் சென்றபோது, அறுபது வயது கடந்த தத்தீனியும் வெள்ளாடை உடுத்து, தம் பரிவாரத்துடன் ஒன்பது நாள் அவர்களோடு நடந்தார். மறு ஆண்டிலே கொள்ளைநோய் மீண்டும் தோன்ற, குடும்பத்தோடு பொலோஞ்ஞா நகரில் அடைக்கலம் புகுந்தார். நெருங்கிய கூட்டாளிகள் சிலரை அந்நோய் கொண்டுபோயிற்று.

அக்காலத்தின் குறையை மறைப்பதும் வரலாற்றுக்குத் தர்மமன்று. மனிதரை அடிமைகளாக விலைக்கு வாங்கும் கொடுமை அவர் வீட்டிலும் இருந்தது. அடிமைப் பெண்ணிடம் அவருக்குப் பிறந்த ஜினெவ்ராவை, மகப்பேறு வாய்க்காத மனைவி மார்கெரித்தாவே அன்போடு வளர்த்தாள். உண்ணாநோன்பையும் வட்டியையும் அத்தனை நுட்பமாக ஆராய்ந்த ஒரு சமுதாயம், அடிமைத்தனத்தைக் கண்டு அதே அளவு கூசவில்லை என்பது துயரம் தரும் உண்மை.

1410 ஆகஸ்ட் 16-இல் காலமான தத்தீனி, ஏறத்தாழ 70,000 புளோரின் பெறுமான தம் ஆஸ்தியின் பெரும்பகுதியைப் பிராத்தோ நகரத்து ஏழைகளுக்கென்று மரணசாசனம் செய்திருந்தார். அத்தர்ம ஸ்தாபனம் திருச்சபையின் ஆதீனத்தில் சேராமல், நகரத்தாரால் நிர்வகிக்கப்பட வேண்டும் என்று அவர் வகுத்த நிபந்தனை கவனிக்கத்தக்கது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகப் புளோரன்ஸ் நகருக்கு அவர் ஒதுக்கிய 1,000 புளோரின், பின்னர் 1419-இல் புருனெல்லெஸ்கி என்னும் சிற்பி கட்டத் தொடங்கிய புகழ்பெற்ற அநாதைச் சிசுக்களின் இல்லத்திற்கு வித்தாயிற்று.

பக்தி அம்மனிதரின் பொருளாசையை அழித்துவிடவில்லை. ஆனால் அதை நிம்மதியாக உறங்கவும் விடவில்லை. வரவையும் செலவையும் நாள் தவறாது ஒப்பிட்டு எழுதப் பழகிய உள்ளம், தான் உலகத்தாருக்குப் பட்ட கடனையும் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடியாதாயிற்று. இடைக்கால ஐரோப்பா பின்வந்த உலகத்திற்கு அளித்த வங்கி, உண்டியல், இரட்டைப் பதிவுக் கணக்கு ஆகியவற்றைப் பாராட்டுகின்ற நாம், அவற்றைக் கையாண்டோரின் மனச்சாட்சியிலிருந்து எழுந்த ஆதரவில்லங்களையும் அறச்சாலைகளையும் அதே வணிகத்தின் விளைவாகவே கருதுவோமாக.