கிர்க்குக்: எண்ணெயும் எண்ணிக்கையும்

ஈராக்கின் வடபுலத்திலே, கிர்க்குக் நகருக்கு அண்மையில், பாபா குர்குர் என்றோர் இடமுண்டு. நிலத்தடியிலிருந்து கசியும் வாயு எத்தனையோ தலைமுறைகளாக அங்கே எரிந்துகொண்டிருந்தது. 1927ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அவ்விடத்தில் துளைத்த கிணறொன்றிலிருந்து எண்ணெய் வானளாவப் பீறிட்டெழுந்தது. பல நாட்கள் சென்றபின்னரே அதனை அடக்க முடிந்தது. அந்த மண் யாருக்குரியது என்ற வினாவோ இன்றுவரை அடங்கவில்லை.

குர்திய மக்களின் துயரக் கதையை நம்மில் பலர் ஓரளவு அறிவோம். துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என்ற நான்கு நாடுகளிடையே கூறுபோடப்பட்ட மக்கள் அவர்கள். முதலாம் உலகப் போரின் முடிவில், 1920ஆம் ஆண்டின் செவ்ரே உடன்படிக்கை அவர்களுக்குச் சுயாட்சியை வாக்களித்தது. மூன்றே ஆண்டுகளில் கைச்சாத்தான லோசான் உடன்படிக்கையிலோ அவர்கள் பெயர்தானும் இல்லை. மோசுல் மாகாணத்தைப் பிரித்தானியரும் துருக்கியரும் தத்தம் பக்கம் இழுத்தனர். வழக்கு சர்வதேச சங்கத்தின் முன் சென்றது. 1925இல் அங்கு சென்று விசாரித்த ஆணைக்குழு, இனத்தை மட்டுமே கருதுவதாயின் சுதந்திரக் குர்திய அரசொன்றே அமைதல் வேண்டும், ஏனெனில் மக்களில் எட்டில் ஐந்து பங்கினர் குர்தியர் என்று எழுதிற்று. எழுதிவிட்டு, மாகாணத்தை ஈராக்குடன் இணைக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது! டிசெம்பரில் சங்கம் அவ்வாறே தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே எண்ணெய்க் குத்தகை கைச்சாத்தாகிவிட்டது என்பதையும் இங்கு குறித்துக்கொள்ள வேண்டும். மறு ஆண்டில், துருக்கிக்கு எண்ணெய் வருமானத்தில் பத்திலொரு பங்கு 25 ஆண்டுகளுக்கு என ஒப்பந்தமாயிற்று. குர்தியருக்குக் கிடைத்தவை, அவர்களது மொழிக்கும் உத்தியோகங்களுக்கும் இடமளிக்கப்படும் என்ற சில உறுதிமொழிகளே.

இதுவரை சொன்னதில் நீதி எப்பக்கம் என்பதில் மயக்கமில்லை. ஆனால் கிர்க்குக் நகரினுள் நுழைந்ததும் மயக்கம் தொடங்குகிறது. நகரின் கடைத்தெருவிலும் கச்சேரியிலும் நெடுங்காலமாக வழங்கியது துருக்கிய மொழி. அதனைப் பேசும் துர்க்மானியர் நகரின் பழங்குடிகள். வடக்கிலும் கிழக்கிலுமுள்ள கிராமங்கள் குர்தியருடையவை. தென்மேற்குச் சமவெளியில் அராபியக் குலத்தவர். 1930களில் ஹவீஜா நீர்ப்பாசனத் திட்டத்தின் வழியாக அவர்களுள் மேலும் பலர் குடியேற்றப்பட்டனர். தாய்மொழியைக் கேட்டுப் பதிந்த 1957ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி நகரில் துர்க்மானியர் ஏறக்குறைய 37 வீதம், குர்தியர் 33 வீதம், அராபியர் 22 வீதம். மாகாணம் முழுவதையும் எடுத்தாலோ குர்தியர் 48 வீதம், அராபியர் 28 வீதம், துர்க்மானியர் 21 வீதம். நகரை எண்ணினால் ஒரு விடை, மாகாணத்தை எண்ணினால் வேறொரு விடை. எல்லையை எங்கே வரைவது என்று தீர்மானிப்பவனே பெரும்பான்மையையும் தீர்மானிக்கிறான். பின்னால் வந்த அரசியல் முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

எண்ணெய்க் கம்பெனி வந்ததும் நகரின் தோற்றம் மாறியது. நிலமற்ற குர்திய விவசாயியும், அசீரியக் கிறிஸ்தவனும், ஆர்மேனியனும், அராபியனும், துர்க்மானியனும் ஒரே வாயிலால் வேலைக்குச் சென்றனர். 1946ஆம் ஆண்டு ஜூலையில் அவர்கள் கூலியுயர்வும் தொழிற்சங்க உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். காவுர்பாகி என்ற தோட்டத்தில் கூடியிருந்த அவர்கள்மீது 12ஆந் திகதி பொலிசார் சுட்டனர். பத்துப் பேருக்குக் குறையாமல் மாண்டனர். அந்தத் தோட்டத்தில் எவரும் மண்ணுக்கு உரிமை கேட்கவில்லை. மண்ணின் கீழிருந்து தாம் எடுத்துக் கொடுத்ததற்கு நியாயமான கூலியையே கேட்டனர். கிர்க்குக்கின் வரலாற்றில் இனங்கள் ஒன்றாக நின்ற பெருநிகழ்ச்சி இதுவே. ஆயின், அவ்வாண்டிலேயே எல்லைக்கப்பால் ஈரானிலிருந்த மஹாபாத்தில் குர்தியக் குடியரசொன்று தோன்றி, ஓராண்டு நிறையுமுன் அழிந்ததையும் மறத்தலாகாது. வயிற்றுக்கான போராட்டம் முன்செல்ல, இனத்தின் ஏக்கம் தானாகக் கரைந்துவிடும் என்று எண்ணிய தோழர்கள் உண்டு. அது கரையவில்லை.

1958 ஜூலை 14ஆந் திகதிப் புரட்சி மன்னராட்சியை வீழ்த்தியது. அராபியரும் குர்தியரும் இத்தாயகத்தின் பங்காளிகள் என்று புதிய தற்காலிக அரசியலமைப்பு கூறியது. சோவியத் நாட்டில் அஞ்ஞாதவாசம் செய்த முல்லா முஸ்தபா பர்சானி நாடு திரும்பினார். குர்தியருக்கு அது பெருவெற்றி. அந்த வாசகத்தில் தம் பெயர் இல்லையே என்று துர்க்மானியர் கலங்கியதை அப்போது யார் பொருட்படுத்தினர்?

சரியாக ஓராண்டு கழித்து, புரட்சியின் முதலாண்டு விழாவன்று கிர்க்குக்கில் கலகம் மூண்டது. மூன்று நாட்களாகத் துர்க்மானியர் கொல்லப்பட்டனர். சடலங்கள் வீதியில் இழுக்கப்பட்டன. இறந்தோர் 79 பேர் என்று முதலிற் சொல்லப்பட்டது, பின்னர் முப்பதுக்குச் சற்று மேல் என்று குறைக்கப்பட்டது. இதைச் செய்தவர்களுட் பெரும்பாலோர் குர்தியர். அவர்களிடையே கம்யூனிஸ்ட் கட்சியின் ஆதரவாளர்களும் இருந்தனர். அடுத்த மாதமே கட்சி இக்கொடுமைகளைக் கண்டித்துச் சுயவிமர்சனம் வெளியிட்டது. ஏகாதிபத்தியத்தின் சூழ்ச்சி என்ற ஒரு சொல்லால் இதை மூடிவிட நம்முட் சிலர் இன்றும் முயல்வர். கம்பெனியும் நிலப்பிரபுக்களும் பகைமையை வளர்த்தது உண்மை. ஆனால் அங்கே அடித்தவனும் அடிபட்டவனும் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரே வேலைநிறுத்தத்தில் நின்ற நகரத்தவர்கள். ஒடுக்கப்பட்ட இனமொன்று தன்னிலும் சிறிய இனத்தை ஒடுக்கவல்லது என்பதை அந்த மூன்று நாட்களும் காட்டின. துர்க்மானியர் அதனை மறக்கவில்லை. மறக்கவேண்டுமென்று கேட்கும் தகுதியும் நமக்கில்லை.

1970 மார்ச் 11ஆந் திகதி பாத் அரசாங்கம் குர்தியருடன் உடன்படிக்கை செய்தது. குர்தியர் பெரும்பான்மையாக வாழும் இடங்களுக்குச் சுயாட்சி. பெரும்பான்மை யாரென்பதில் ஐயமுள்ள இடங்களில் குடிசனமதிப்பு. கிர்க்குக்கே அந்த ஐயம். குடிசனமதிப்பு ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்த காலத்தில் அராபியர் குடியேற்றப்பட்டனர். 1972இல் எண்ணெய்க் கம்பெனி தேசியமயமாக்கப்பட்டதை உலகெங்குமுள்ள முற்போக்காளர் வரவேற்றனர். வரவேற்கத்தக்கதே. ஆனால் 1974இல் வெளியான சுயாட்சிச் சட்டம் கிர்க்குக்கைப் புறத்தே விட்டது. போர் மூண்டது. பர்சானி ஈரானிய ஷாவையும் அமெரிக்காவையும் நம்பினார். 1975 மார்ச்சில் அல்ஜியர்சில் ஷா ஈராக்குடன் உடன்பட்டதும் உதவி நின்றது. சில வாரங்களில் எழுச்சி சிதைந்தது. பாக்தாத்தின் முற்போக்கு வேடத்தை நம்பி அரசின் பக்கம் நின்ற ஈராக்கிய கம்யூனிஸ்டுகளும் சில ஆண்டுகளில் அதே அரசால் வேட்டையாடப்பட்டனர்.

அதன்பின் நடந்தவற்றை விரிக்க வேண்டியதில்லை. 1976இல் மாகாணத்தின் பெயர் தஃமீம், அதாவது தேசியமயம், என்று மாற்றப்பட்டது. சம்சமால், கலார் முதலிய குர்தியப் பகுதிகள் அறுத்தெடுக்கப்பட்டு அயல் மாகாணங்களுடன் சேர்க்கப்பட்டன. மறு ஆண்டுக் குடிசனமதிப்பில் அராபியர் 44 வீதமும் குர்தியர் 37 வீதமுமாயினர். தென்னாட்டு ஏழை ஷியாக்கள் பதினாயிரம் தினார் பெற்று வந்து குடியேறினர். ஊர்மக்கள் அவர்களைப் ‘பதினாயிரத்தார்’ என்றே அழைத்தனர். குர்தியரும் துர்க்மானியரும் தம்மை அராபியரெனப் பதிந்துகொள்ளும்படி நெருக்கப்பட்டனர், மறுத்தவர்கள் வெளியேற்றப்பட்டனர்.

2003இல் சதாம் ஹுசைனின் ஆட்சி வீழ்ந்தபோது வெளியேற்றப்பட்டோர் திரும்பினர். ‘பதினாயிரத்தார்’ அஞ்சினர். அவர்களின் பிள்ளைகள் கிர்க்குக்கிலேயே பிறந்து வளர்ந்திருந்தனர். அவர்களுக்கு எந்த ஊர் சொந்த ஊர்? 2005ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 140ஆவது பிரிவு, பழைய அநீதிகளைச் சீர்செய்து, குடிசனமதிப்பு நடத்தி, 2007 முடிவதற்குள் மக்கள் தீர்ப்புக் கோரவேண்டும் என்றது. அது நடைபெறவில்லை. 2014இல் ஐ.எஸ். இயக்கத்தினருக்கு அஞ்சி ஈராக்கிய இராணுவம் ஓட, குர்தியப் படை நகரைப் பிடித்தது. 2017 செப்டெம்பரில் குர்தியர் நடத்திய சுதந்திர வாக்கெடுப்பில் கிர்க்குக்கும் சேர்க்கப்பட்டது. மூன்று வாரங்களில் ஈராக்கிய இராணுவம் திரும்பிவந்தது. இம்முறை ஆயிரக்கணக்கான குர்தியர் ஓடினர்.

2024 நவம்பரில் ஈராக் முழுவதும் குடிசனமதிப்பு நடைபெற்றது. வடபுலத்தையும் உள்ளடக்கிய கணக்கெடுப்பு 1987க்குப் பின் அதுவே. முன்னர் துரத்தப்பட்ட குர்தியக் குடும்பங்கள் எர்பிலிலிருந்தும் சுலைமானியாவிலிருந்தும் தம்மைப் பதிவதற்காகக் கிர்க்குக்குக்கு வந்தன. துர்க்மானியரும் அராபியரும் அதனை ஆட்சேபித்தனர். வீடுவீடாகச் சென்ற உத்தியோகத்தர்கள் வயதைக் கேட்டனர், தொழிலைக் கேட்டனர், வீட்டிலுள்ள பொருட்களையும் கேட்டனர். இனம் எது, தாய்மொழி எது என்ற இரு வினாக்களையும் அரசாங்கம் முன்கூட்டியே படிவத்திலிருந்து நீக்கியிருந்தது.