வெள்ளை மாளிகைக்கு வந்த சில்லறைக் காசுகள்

1938 ஜனவரி இறுதி. அமெரிக்க வெள்ளை மாளிகையின் தபால் பிரிவு ஊழியர்கள் மலைத்துப்போனார்கள். மூட்டை மூட்டையாக வந்து குவிந்த உறைகளுக்குள் பத்து சென்ட் காசுகள். எண்ணி முடித்தபோது 26,80,000 காசுகள், அதாவது 2,68,000 டாலர் சேர்ந்திருந்தது.

போலியோ எனும் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க ஆளுக்கொரு காசை நேராகக் குடியரசுத் தலைவருக்கே அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டவர் நகைச்சுவைக் கலைஞர் எடி கேன்ட்டர். அந்த இயக்கத்துக்கு 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' என்று பெயர் சூட்டியவரும் அவரே. தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டோ 1921-ல், 39-வது வயதில், அந்த நோயால் நடக்கும் திறனை இழந்தவர். அவர் தொடங்கிய தேசிய அறக்கட்டளையின் பொறுப்பை, வழக்கறிஞர் தொழிலில் அவருடைய கூட்டாளியாக இருந்த பேசில் ஓ'கானர் ஏற்றார்.

சேர்ந்த பணத்தில் பெரும்பகுதி நோயாளிகளின் சிகிச்சைக்குப் போனது. ஆனால் ஓ'கானர் ஆய்வகங்களையும் கைவிடவில்லை. கண்ணெதிரே குழந்தைகள் மூச்சுத் திணறி 'இரும்பு நுரையீரல்' எனும் சுவாசக் கருவிக்குள் கிடக்கும்போது, என்றைக்குப் பலன் தரும் என்று தெரியாத ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

பலன் 11 ஆண்டுகள் கழித்து வந்தது. அறக்கட்டளையின் நிதியுதவியோடு பாஸ்டனில் ஆய்வு செய்த ஜான் எண்டர்ஸ், தாமஸ் வெல்லர், பிரெடெரிக் ராபின்ஸ் மூவரும், நரம்பு அல்லாத திசுக்களிலும் போலியோ வைரஸை வளர்க்கலாம் என்று 1949-ல் காட்டினார்கள். தடுப்பூசிக்குத் தேவையான அளவு வைரஸைப் பெருக்க வழி பிறந்தது. 1954-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் போய், ஃபார்மால்டிஹைடால் வைரஸைச் செயலிழக்கச் செய்து பிட்ஸ்பர்க்கில் தடுப்பூசி உருவாக்கினார் ஜோனாஸ் சால்க். அவருக்குப் பண உதவி செய்ததும் இதே அறக்கட்டளைதான்.

இதற்கிடையே 1952-ல் அமெரிக்காவில் சுமார் 58,000 பேரை நோய் தாக்கியது. 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பணம் கொடுத்தவர்கள் சோர்ந்துவிடவில்லை. தாய்மார்கள் வீடு வீடாகப் போய் வசூலித்தார்கள். கொடுக்க விரும்புவோர் வாசல் விளக்கை ஏற்றிவைத்தார்கள். 1954-ல் பெற்றோர் அதற்கும் மேலே ஒன்றைச் செய்தார்கள்: தங்கள் பிள்ளைகளையே சால்க்கின் தடுப்பூசிச் சோதனைக்கு முன்னிறுத்தினார்கள். சுமார் 18 லட்சம் குழந்தைகள் பங்கெடுத்த அந்தப் பெருஞ்சோதனையின் செலவையும் அரசு அல்ல, அறக்கட்டளையே ஏற்றது.

1955 ஏப்ரல் 12. ரூஸ்வெல்ட் இறந்து சரியாகப் பத்தாண்டு நிறைவு. தடுப்பூசி பாதுகாப்பானது, பயனுள்ளது என்று சோதனை முடிவுகளை ஆராய்ந்த தாமஸ் பிரான்சிஸ் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறிவித்தார். இரண்டே ஆண்டுகளில் அமெரிக்காவில் நோயுற்றோர் எண்ணிக்கை 6,000-க்கும் கீழே இறங்கியது.

முதல் காசை அனுப்பியவர்கள் 17 ஆண்டுகள் காத்திருந்தார்கள். மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொடுப்பவர்களுக்கு அந்தப் பொறுமை வேண்டும். நோய் நம் வீட்டு வாசலுக்கு வந்தபின் கொடுக்கும் பணம் மருந்து வாங்க உதவும். மருந்தைக் கண்டுபிடிக்க, பல ஆண்டுகளுக்கு முன்பே யாரோ கொடுத்திருக்க வேண்டும். அந்த யாரோ நாமாக இருப்போம்.