கம்பிக்கு மாற்றாக எஃகு இழை

கான்கிரீட்டின் இழுவலிமை அதன் அழுத்தவலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். இந்தக் குறையைத் தீர்க்கவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதற்குள் இரும்புக் கம்பி புகுந்தது. கம்பியைக் கட்டாமல், துண்டுகளாகக் கலவையிலேயே போட்டுவிடும் எண்ணமும் அக்காலத்ததே. கலிபோர்னியாவில் பெரார்ட் என்பவர் கழிவு இரும்புத் துணுக்குகள் சேர்த்த செயற்கைக் கல்லுக்கு 1874இல் காப்புரிமை பெற்றார். துணுக்குகள் எப்படி உதவுகின்றன என்பதை விளக்கும் அறிவியல் அன்று இல்லை. எண்ணம் வளராமல் நின்றது.

1963இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர ஆய்வாளர்கள் ரொமுவால்டியும் பாட்சனும் அந்த அறிவியலுக்கு அடித்தளமிட்டார்கள். நெருக்கமாக அமைந்த மெல்லிய கம்பிகள் விரிசல் தோன்றுவதையே தள்ளிப்போடும் என்பது அவர்கள் கணிப்பு. நடைமுறை அளவுகளில் அது பெரிதாகப் பலிக்கவில்லை. கலவையில் சேர்க்கும் குட்டையான எஃகு இழையின் உண்மையான பயன் விரிசல் விழுந்த பிறகே தொடங்குகிறது: பிளவின் இரு கரைகளையும் பற்றிக்கொண்டு, அது மேலும் அகலாமல் இழை இழுத்துப் பிடிக்கிறது. இந்தத் துறையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய தெளிவு வேறில்லை.

தொடக்ககால நேரான இழைகள் எளிதில் உருவிக்கொண்டு வந்தன. அளவைக் கூட்டினால் கலவையில் உருண்டு திரண்டன. 1970களில் பெல்ஜியத்தின் பெகார்ட் நிறுவனம் முனை வளைந்த இழையைக் கொண்டுவந்தது. வளைவு நிமிர்ந்தால்தான் இழை வெளியேற முடியும். அந்த நிமிர்த்தலிலேயே பெரும் ஆற்றல் செலவாகிறது. நீரில் கரையும் பசையால் இழைகளைக் கற்றைகளாக ஒட்டியது, உருண்டு திரளும் தொல்லையையும் குறைத்தது.

ஆலைத் தளங்களிலும் சுரங்கச் சுவரில் பீய்ச்சும் கான்கிரீட்டிலும் இழை முதலில் ஊன்றியது. கம்பிக் கூட்டை முழுதாக விலக்கிய வெற்றி சுரங்கப்பாதையின் முன்வார்ப்பு வளையத் துண்டுகளில் கிடைத்தது. ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்திலிருந்து லண்டனுக்கு வரும் ரயில் இணைப்புப் பாதையிலும், பின்னர் லண்டனின் கிராஸ்ரெயில் பாதையிலும் இத்தகைய துண்டுகள் பொருத்தப்பட்டன. வளையம் பெரும்பாலும் அழுத்தத்திலேயே இருப்பதால் இழுவிசை அங்கே குறைவு. தூக்கிப் பொருத்தும்போது உடைவது துண்டின் விளிம்பும் மூலையும். கம்பி எட்டாத அந்த இடங்களிலும் இழை இருக்கும்.

சுரங்கத்துக்கு வெளியே, எஸ்தோனியாவின் தாலின் நகரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் மாடித் தளங்களே கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ இழையுடன் வார்க்கப்பட்டன. ஒரு பகுதி சரிந்தால் மற்றவையும் அடுத்தடுத்துச் சரியும் தொடர் இடிவைத் தடுக்க, தூண்களை இணைக்கும் கோடுகளில் மட்டும் கம்பி வைத்தார்கள்.

கடைசியாக வந்தது விதிநூல். வெட்டுப் பள்ளமிட்ட விட்டத்தை வளைத்துச் சோதித்து, விரிசலுக்குப் பின் எஞ்சும் வலிமை குறிப்பிட்ட விகிதத்துக்குக் குறையாவிட்டால் கம்பிக்கு ஈடாக இழையைக் கணக்கில் கொள்ளலாம் என்று கான்கிரீட் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஃபிப்பின் மாதிரி விதிநூல் 2010 வரையறுத்தது.

ஆனாலும் இருமுனை தாங்கிய உத்தரத்தில் கம்பியை இழை இன்னும் விலக்கவில்லை. கம்பியை இழுவிசை மிகுந்த அடிப்பகுதியில் குவித்து வைக்கலாம்; இழையோ எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கிறது.