பரிசல் செப்பனிடல்

பரிசல் செப்பனிடல் என்பது, வட்ட வடிவப் படகான பரிசலில் ஏற்படும் ஓட்டை, விரிசல், உளுப்பு முதலியவற்றைச் சரிசெய்து அதனை மீண்டும் நீரில் இறக்கத் தக்கதாக ஆக்கும் வேலை ஆகும். தமிழ்நாட்டில் ஒகேனக்கல், மேட்டூர் நீர்த்தேக்கம், பவானிசாகர், தேனி மாவட்டத்தின் வைகை அணை முதலிய உள்நாட்டு நீர்நிலைகளில் மீன்பிடிக்கவும் ஆட்களை ஏற்றிச் செல்லவும் பரிசல்கள் பயன்படுகின்றன. கடற்கரை ஊர்களில் இருப்பது போன்ற படகு கட்டும் தளங்கள் இப்பகுதிகளில் இல்லை. எனவே பழுது பார்க்கும் வேலை பெரும்பாலும் நீர்க்கரையிலோ வீட்டு வாசலிலோ, பரிசலை ஓட்டுபவராலேயே செய்யப்படுகின்றது. அவ்வேலையில் நேரும் பிழையின் விளைவு கரையில் தெரிவதில்லை; ஆழமான நீரின் நடுவில்தான் தெரியும்.

வரலாறு

பரிசல் கன்னடத்தில் ஹரிகோல் என்றும், தெலுங்கில் புட்டி என்றும் வழங்கப்படுகின்றது. 1520ஐ ஒட்டி விசயநகரத்திற்கு வந்த போர்த்துக்கேயப் பயணி டொமிங்கோ பாயசு, துங்கபத்திரையைக் கடக்கப் பயன்பட்ட கூடை போன்ற வட்டப் படகுகளைப் பற்றி எழுதியுள்ளார். அவை உள்ளே பிரம்பும் வெளியே தோலும் கொண்டவை, பதினைந்து இருபது பேரையும், தேவைப்பட்டால் குதிரைகளையும் மாடுகளையும் ஏற்றக்கூடியவை, நேராகச் செல்லாமல் சுழன்றுகொண்டே செல்பவை என்பது அவர் தரும் செய்தி. 1803இல் தக்காணத்தில் மராட்டியருடன் நடந்த போரில் ஆர்தர் வெல்லசுலியின் படை ஆறுகளைக் கடப்பதற்கும் இத்தகைய கூடைப் படகுகளையே செய்வித்தது.

இவ்வடிவம் தென்னிந்தியாவிற்கு மட்டும் உரியதன்று. ஈராக்கின் குஃபா, வேல்சு நாட்டின் கோரக்கிள், வியட்நாமின் கூடைப் படகு ஆகியன ஒரே இனத்தைச் சேர்ந்தவை. யூப்ரட்டீசு ஆற்றில் பாபிலோனுக்குச் சரக்கு கொண்டுவந்த தோல் படகுகளை எரோடோட்டசு விவரித்துள்ளார். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கெல் ஆய்ந்த பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று, ஊழிவெள்ளத்திற்காகக் கட்டப்பட்ட பேழையையே நிலக்கீல் பூசிய மாபெரும் பரிசலாகக் கூறுகின்றது. அப்பலகையின் அளவுகளைச் சுருக்கிக் கேரளத்தின் காயல் பகுதியில் ஒரு மாதிரிப் படகு கட்டப்பட்டது. அது மிதந்தது, ஆயினும் கசிந்ததால் உள்ளே சேர்ந்த நீரை இறைக்க வேண்டியிருந்தது. கூடை முடைவதைவிட, கூடைக்குள் நீர் புகாமல் காப்பதே கடினம் என்பதை அது காட்டியது.

கம்பம் பள்ளத்தாக்கு

1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் சுரங்கவழியாக மலையின் கிழக்குப் பக்கம் வந்து, லோயர் கேம்ப்பில் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் வழியே வைகையை அடைகின்றது. ஆண்டிப்பட்டிக்கு அருகில் உள்ள வைகை அணை 1959இல் அன்றைய முதலமைச்சர் காமராசரால் திறக்கப்பட்டது. இதன் நீர்த்தேக்க உயரம் 71 அடி ஆகும். கட்லா, ரோகு, மிருகால், ஜிலேபி முதலிய மீன்கள் இங்குச் செவுள் வலைகளால் பிடிக்கப்படுகின்றன. வலை விரிப்பதும் எடுப்பதும் பரிசலில் இருந்தபடியே நடைபெறும்.

பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் உள்ள தேவாரத்தில் நிலைமை வேறு. பதினெட்டாம் கால்வாய் தேவாரம், போடி பகுதிகளின் கண்மாய்களுக்கு நீர் தருகின்றது. கண்மாயில் நீர் சில மாதங்களே நிற்கும்; ஆழமும் குறைவு. இத்தகைய கண்மாய்களில் காற்றடைத்த லாரி டியூபோ தெர்மாகோல் மிதவையோ வலை கட்டப் போதுமானது. ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் அகன்ற நீர்த்தேக்கத்திற்கே பரிசல் தேவை. அங்கே காற்றும் ஒரு பகை. 2017 ஏப்ரலில் நீர் ஆவியாவதைத் தடுக்க வைகை அணையில் மிதக்கவிடப்பட்ட தெர்மாகோல் அட்டைகளைக் காற்று கரையில் சேர்த்த செய்தி நாடெங்கும் நகைப்புக்கு உள்ளானது. அதே காற்றில்தான் அடிக்கட்டை இல்லாத, எப்பக்கமும் திரும்பக்கூடிய பரிசலை ஒற்றைத் துடுப்பால் செலுத்த வேண்டியுள்ளது.

மிதக்கும் விதமும் கசிவின் விளைவும்

பரிசலின் தட்டையான அடிப்பகுதியின் விட்டம் 2 மீட்டர் எனக் கொண்டால் அதன் பரப்பு ஏறத்தாழ 3.14 சதுர மீட்டர் ஆகும். ஆர்க்கிமிடீசு தத்துவப்படி, ஏற்றப்படும் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் அது 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அமிழும். 50 கிலோ எடையுள்ள பரிசலில் ஐந்து பேர் சேர்ந்து 300 கிலோ ஏறினாலும் அமிழ்வு 11 சென்டிமீட்டர் மட்டுமே. ஆழமற்ற ஓரங்களிலும், பாறைகளுக்கு இடையிலும் இது செல்வதற்கு இதுவே காரணம்.

ஆனால் இதே கணக்கு கசிவுக்கும் பொருந்தும். உள்ளே 1 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் புகுந்தால் அது 31 லிட்டர், அதாவது 31 கிலோ. எடையைவிட அந்நீரின் அசைவு ஆபத்தானது. ஒருவர் வலையை இழுக்க ஓரத்திற்குச் சாய்ந்தால், உள்ளே உள்ள நீர் முழுவதும் அதே பக்கம் ஓடிச் சாய்வை மிகுதியாக்கும். எடை ஒரு பக்கம் சேர்வதன் கேடு பெரிய படகுகளுக்கும் உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்த நிகழ்வில், படகின் நிலைப்புக் குறைவும் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் காரணங்களாகக் கூறப்பட்டன. பரிசலில் நின்றுகொண்டு செல்லலாகாது என்பது இதனாலேயே.

மூங்கிற் பரிசல்

மூங்கிற் பரிசலில் பிளந்த மூங்கிற் பத்தைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அடித்தட்டு அமைக்கப்படும். பின் அவற்றின் முனைகளை மேல்நோக்கி வளைத்து, விளிம்பில் மூங்கில் வளையம் வைத்துக் கட்டுவர். இக்கூடையின் மேல் முற்காலத்தில் மாட்டுத்தோல் போர்த்தப்பட்டது. தோலை ஒவ்வொரு முறையும் உலர்த்த வேண்டும். ஈரத்திலேயே விட்டால் அழுகிவிடும். பிற்காலத்தில் தார்ப்பாயும் நெகிழிச் சாக்கும் தோலின் இடத்தைப் பிடித்தன. அவற்றின் மேல் தார் பூசப்படும்.

செப்பனிடும்போது முதலில் பார்க்க வேண்டியது உறையை அன்று, கூடையை. மூங்கிலில் உள்ள மாவுச்சத்தை உண்ணும் வண்டுகள் அதனைத் துளைத்து உளுக்கச் செய்கின்றன. பத்தையைத் தட்டினால் மாவு போன்ற தூள் உதிருமாயின் அப்பத்தையை மாற்ற வேண்டும். புதிய மூங்கிலைச் சில வாரங்கள் நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து குறைந்து, வண்டுத் தாக்குதலும் குறையும். முறிந்த பத்தையின் கூர்முனை உட்புறமிருந்து உறையைக் குத்தும் என்பதால், கூடையைச் சரிசெய்யாமல் மேலே தார் பூசுவது வீண் வேலை. அதே இடத்தில் மறுபடியும் ஓட்டை விழும்.

தார் பூசுவதில் வெப்பநிலை முக்கியமானது. கிழிந்த இடத்தை நன்கு உலர்த்தி, மண்ணும் பாசியும் போகத் துடைத்து, சற்றுப் பெரிய துண்டுத் துணியைத் தாரில் ஒட்டி, அதன் மேல் மீண்டும் தார் பூசுவர். பாலிதீன் ஏறக்குறைய 110 முதல் 130 பாகை செல்சியசில் உருகிவிடும். சாக்கு நெய்யப்படும் பாலிபுரோப்பிலீன் 160 பாகையை ஒட்டி உருகும். எனவே கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உறையே சுருங்கிப் போகும். சூடான தாரில் நீர் பட்டால் அது பொங்கித் தெறிக்கும். இளக்குவதற்கு மண்ணெண்ணெய் சேர்ப்பதாயின் அடுப்பை முற்றிலும் அணைத்த பின்பே சேர்க்க வேண்டும். இதில் கவனக்குறைவு உயிருக்கு ஆபத்து.

சாலைக்குப் பயன்படும் தாரின் பல வகைகள் 50 பாகை செல்சியசை ஒட்டியே இளகத் தொடங்கும். கோடை வெயிலில் கருநிறப் பரப்பின் வெப்பம் இதனை எளிதில் தாண்டும். வெயிலில் கவிழ்த்து வைக்கப்பட்ட பரிசலில் தார் வழிந்து, மேற்பகுதி மெலிந்துவிடுவதன் காரணம் இது. மரநிழலில் வைப்பதே மலிவான பராமரிப்பு.

கண்ணாடியிழைப் பரிசல்

இப்போது கண்ணாடியிழைப் பரிசல்கள் பரவலாகி வருகின்றன. இவை உளுப்பதில்லை, ஆண்டுதோறும் தார் கேட்பதுமில்லை. ஆனால் பாறையில் இடித்தால் விரியும். விரிசலைத் தாரால் அடைப்பது பலர் செய்யும் தவறு. தார் கண்ணாடியிழையுடன் உறுதியாக ஒட்டாது. அத்துடன், பின்னர் முறையாகப் பிசின் இட்டுச் சரிசெய்ய முயலும்போது எஞ்சிய தார் பிசினையும் ஒட்டவிடாது.

முறையான வழி, விரிசலைச் சுற்றி உள்ள பகுதியைச் சரிவாகத் தேய்ப்பதில் தொடங்குகின்றது. தடிமனைப் போல் 12 மடங்கு அகலத்திற்குச் சரிவு இருப்பது நல்லது. 4 மில்லிமீட்டர் சுவருக்கு இது ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். இடம் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். நீரில் கிடந்த பரிசலுக்கு இதற்குச் சில நாட்கள்கூட ஆகலாம்; அவசரப்படுபவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பின் அசிட்டோனால் துடைத்து, கண்ணாடியிழைப் பாயைப் பாலியெசுட்டர் பிசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். வெண்புள்ளிகள் தெரிந்தால் உள்ளே காற்று உள்ளது என்று பொருள். தூரிகையால் குத்தி வெளியேற்ற வேண்டும்.

பிசினை இறுகச் செய்யும் மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு, எடையில் 1 முதல் 2 விழுக்காடு போதும். வெயில் நாளில் குறைவாகவே சேர்க்க வேண்டும். இல்லையேல் கலவை கிண்ணத்திலேயே சூடாகி இறுகும். இதனையும் முடுக்கியான கோபால்ட்டுக் கரைசலையும் எக்காரணம் கொண்டும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. அவை கடுமையாக வினைபுரிந்து தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். கோபால்ட்டை முதலில் பிசினில் கலக்கிவிட்டு, பின்னரே பெராக்சைடைச் சேர்க்க வேண்டும். பெராக்சைடு கண்ணில் பட்டால் பார்வை போகலாம். உடனே நிறைய நீரால் தொடர்ந்து கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். இப்பொருட்கள் குளிர்பானப் புட்டிகளில் சில்லறையாகக் கைமாறுவது உண்டு என்பதால், பெயர் எழுதி ஒட்டிக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பது இன்றியமையாதது. இழையைத் தேய்க்கும் தூளும் நுரையீரலுக்குக் கேடு, முகமூடி தேவை.

அலுமினியப் படகுடன் ஒப்பீடு

வட அமெரிக்காவின் ஏரிகளில் பரிசலின் இடத்தைச் சிறு அலுமினியப் படகுகள் வகிக்கின்றன. இரண்டாம் உலகப் போரின் முடிவில் வானூர்தி நிறுவனமான கிரம்மன், தகட்டைத் தறையாணியால் இணைக்கும் தன் தொழில்நுட்பத்தைத் தோணிகளுக்குப் பயன்படுத்தியது. அத்தகைய பழைய படகுகளை வீட்டில் புதுப்பிப்பது அங்கே ஒரு பொழுதுபோக்கு. தளர்ந்த தறையாணிகளை இருபுறமும் தாங்கி அடித்து இறுக்குவதும், இயந்திரம் மாட்டும் பின்பலகையின் உளுத்த ஒட்டுப்பலகையை மாற்றுவதும் அதில் முக்கிய வேலைகள். செம்பு உப்பேற்றிப் பதப்படுத்திய பலகையை அங்கே பயன்படுத்தினால், செம்பு அலுமினியத்தை அரித்து ஓட்டையாக்கிவிடும். மரத்தைக் காக்கும் மருந்தே படகைத் தின்பதற்கு இது சான்று. பரிசலில் உலோகம் இல்லாததால் இச்சிக்கல் எழுவதில்லை.

சோதனை

செப்பனிட்ட பரிசலை உடனே ஆழத்திற்குக் கொண்டுசெல்லக் கூடாது. வெறுமையாகக் கரையோரத்தில் மிதக்கவிட்டுக் கயிற்றால் கட்டி, உட்புறம் உலர்ந்த சாம்பலைத் தூவினால் சிறு கசிவும் ஈரப்புள்ளியாகத் தெரியும். சில மணி நேரம் கழித்து, முழங்கால் ஆழத்திலேயே வழக்கமான எடையை ஏற்றிப் பார்க்க வேண்டும். எடை ஏறும்போது மட்டும் திறக்கும் விரிசல்கள் உண்டு. நீர் இறைக்க ஒரு குவளையும், அணிந்துகொள்ள உயிர்காப்பு மேலாடையும் பரிசலில் இருக்க வேண்டும். மேலாடை வெப்பமாக இருக்கிறது என்று சொல்லிப் பரிசலின் அடியில் விரித்து அதன் மேல் உட்கார்வது பயன் தராது.

பழுதுபார்க்க இயலாத நிலையை அடைந்த மூங்கிற் பரிசலின் கூடையை உறை நீக்கி விறகாக்கலாம். தார் தோய்ந்த நெகிழி உறையையும் கண்ணாடியிழையையும் எரிப்பது நச்சுப்புகை தரும்; கண்ணாடியிழையை உருக்கி மறுபடியும் வார்க்கவும் இயலாது.