மொறிஸ் மைனருக்கு எத்தனை சி.சி. வேணும்?

லண்டனில் இருக்கிற மாமா ஒருவர் போன மாதம் எங்கட குழுவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். "பிள்ளையள், நீங்கள் சரித்திரம் எழுதுற ஆக்கள்தானே. எனக்கொரு விசயம் சொல்லுங்கோ. கூரை மடிக்கிற மொறிஸ் மைனர் ஒண்டு வாங்கப்போறன். மூண்டு கார் பாத்து வச்சிருக்கிறன். 1954 ஆம் ஆண்டுக் கார் 803 சி.சி., 1960 ஆம் ஆண்டுக் கார் 948, 1967 ஆம் ஆண்டுக் கார் 1098. எதை எடுக்கிறது?"

மாமாவின் அப்பா யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் வைத்து வாடகைக்கு ஓடியவர். அது கூரை மடிக்காத சாதாரண கார். ஓய்வெடுத்த வயதில் அதே முகமுள்ள காரை, கூரையைத் திறந்துவிட்டு ஓட வேணும் என்பது மாமாவின் ஆசை.

எங்களில் ஒருவரிட்டையும் கார் இல்லை. சைக்கிளும் ஸ்கூட்டரும்தான். முதலில் சிரிச்சம். பிறகு தேடி வாசிக்கத் தொடங்கினபோதுதான், அந்த இலக்கங்கள் வெறும் எஞ்சின் அளவுகள் இல்லை என்று விளங்கினது. அவற்றுக்குப் பின்னால் ஒரு வரியும், இரண்டு முதலாளிமாரின் பகையும், ஒரு நெடுஞ்சாலையும் இருக்கு.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906 இல் ஸ்மேர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மீர் நகரத்தில், பிறந்தவர். தகப்பன் கிரேக்கர், தாய் ஜேர்மன் வம்சம். 1922 இல் போர் அந்த நகரத்தை விழுங்கியபோது குடும்பம் கப்பலேறி மோல்ட்டாவுக்குப் போனது. தகப்பன் அங்கேயே இறந்துபோக, தாயும் மகனும் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிரித்தானியத்தனத்தின் அடையாளம் என்று இன்று கொண்டாடப்படுகிற காரைக் கீறினது ஊரை இழந்து வந்த ஒரு பெடியன். இதைச் சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இனி இலக்கங்களுக்கு வருவம். சி.சி. என்பது சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் ஏறி இறங்கும் இடத்தின் மொத்தக் கனவளவு. அது கூடினால் பொதுவாக இழுவையும் கூடும். ஆனால் பிரித்தானியாவில் 1921 இலிருந்து கார் வரி இந்தக் கனவளவைப் பார்த்துப் போடப்படவில்லை. சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்து ஒரு "குதிரைவலு" கணக்கிட்டு, அதற்குத்தான் வரி. பிஸ்டன் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது கணக்கில் வராது. கம்பனிகள் என்ன செய்தன? விட்டத்தை ஒடுக்கி, ஓட்டத்தை நீட்டின. மொறிஸ் எய்ற் காரின் 918 சி.சி. எஞ்சின் அப்படிப்பட்டது. விட்டம் 57 மில்லிமீற்றர், ஓட்டம் 90. வரிக் கணக்கில் எட்டுக் குதிரை. காரின் பெயரிலேயே வரி இருந்தது.

இசிகோனிஸ் தன்ர புதுக் காருக்குப் படுக்கையான நாலு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை நினைத்திருந்தார். உள்ளூருக்கு 800 சி.சி., வெளிநாட்டுக்கு 1100. அதற்காகவே எஞ்சின் இருக்கும் இடத்தை அகலமாக விட்டார். வேலை முடியும் நேரம் முன்மாதிரிக் கார் ஒடுங்கிப்போய்த் தெரிந்ததாம். நடுவால் வெட்டி, நாலு அங்குலம் விலத்தி வைத்துப் பார்த்து, அந்த அகலத்தையே நிலையாக்கினார். பொனற்றின் நடுவில் ஓடுகிற தட்டையான பட்டி அந்த வெட்டின் தழும்பு. கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்குக் காரைக் கண்ணிலயும் காட்டக்கூடாது. படுக்கை எஞ்சின் கைவிடப்பட்டது. பழைய வரி 1948 தொடக்கத்தில் ஒழிந்து, சின்னக் காருக்கும் பெரிய காருக்கும் ஒரே பத்துப் பவுண் என்றானது. ஆனால் அதே ஆண்டு ஒக்ரோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் வெளிவந்தபோது, அதற்குள் இருந்தது அந்தப் பழைய வரிக்காகச் செய்த 918 சி.சி. எஞ்சின்தான். கூரை மடிக்கும் மைனரும் அந்த முதல் நாளிலேயே இருந்தது.

அடுத்தது பகை. லெனாட் லோர்ட் என்பவர் மொறிஸ் கம்பனியில் பெரிய பதவியில் இருந்து, 1936 இல் நஃபீல்டோடு முறுகிக்கொண்டு வெளியேறியவர். பிறகு போட்டிக் கம்பனியான ஒஸ்ரினில் சேர்ந்து தலைவரானார். 1952 இல் இரண்டு கம்பனிகளும் ஒன்றாக இணைந்தபோது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தது லோர்ட். மொறிஸ் மைனருக்குள் ஒஸ்ரின் ஏ30 இன் 803 சி.சி. எஞ்சின் வந்தது அப்படித்தான். 918 ஐ விடச் சின்னது, ஆனால் வால்வுகள் மேலே இருக்கும் புது அமைப்பு. வலு ஏறத்தாழ 27 குதிரையிலிருந்து 30 ஆனது. கனமான காருக்குச் சின்ன எஞ்சின் என்பதால் பின் அச்சின் பற்சக்கர விகிதத்தைத் தாழ்த்தினார்கள். புறப்படுறது நல்லா இருக்கும். வேகம் பிடிச்சா எஞ்சின் கத்தும். மணிக்கு 60 மைலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

1956 இல் அதே எஞ்சின் குடும்பம் 948 சி.சி. ஆகப் பெருத்தது. 37 குதிரை. காருக்கும் மைனர் 1000 என்று பெயர் மாறி, நடுவில் பிரிந்திருந்த முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடியானது. வேகம் 70 மைலைத் தாண்டினது. அது தேவைப்பட்டது. 1959 இல் எம்1 நெடுஞ்சாலையின் முதற் பெரும்பகுதி திறக்கப்பட்டது. அப்போது அதில் வேகக் கட்டுப்பாடே இல்லை. கிராமத்து ஒழுங்கைகளுக்காகப் பிறந்த கார், மணிக்கணக்காக முழு வேகத்தில் ஓட வேண்டி வந்தது. 1962 இல் 1098 சி.சி. எஞ்சின் வந்தது. 48 குதிரை, இன்னும் உயர்ந்த பின் அச்சு விகிதம், பெரிய முன் பிறேக். கூரை மடிக்கும் மைனர் 1969 வரை இந்த எஞ்சினோடுதான் வந்தது.

இவ்வளவும் பிரித்தானியக் கதை. எங்கட கதை வேறு.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வருவது அரிது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம். கல்யாணத்துக்கும் அந்தக் கார்தான், ஆஸ்பத்திரிக்கும் அந்தக் கார்தான். பின்னால் போகிறவருக்குப் புகையும் மணமும் மிச்சம். புதுக் கார்கள் முடங்கிக் கிடக்க இந்தக் கிழடுகள் எப்படி ஓடின?

விடை எஞ்சின் அளவில் இல்லை, அமுக்க விகிதத்தில் இருக்கு. பிஸ்டன் மேலேறும்போது காற்றையும் எரிபொருளையும் எத்தனை மடங்கு நெரிக்கிறது என்பதே அந்த விகிதம். கூட நெரித்தால் வலு கூடும். ஆனால் மட்டமான எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கும். 803 இல் அது 7.2. பிந்திய 1098 இல் 8.5. நல்ல பெற்றோல் கிடைக்காத நாடுகளுக்காகப் பெரிய எஞ்சின்களையும் குறைந்த அமுக்கத்தோடு செய்து விற்றார்கள். ஆகவே இங்கிலாந்தில் பின்தங்கினதாகக் கணிக்கப்பட்ட குணம்தான் யாழ்ப்பாணத்தில் உயிரைக் காத்தது. தட்டையான எங்கட நிலத்தில் ஏறுவதற்கு மலையும் இல்லை. 803 இன் முப்பது குதிரை இங்கே போதும். இந்தக் கார்களைப் பற்றிக் கதைக்கிறவர்கள் எங்கட ஆக்களின்ர கெட்டித்தனத்தை மட்டும் சொல்வார்கள். கெட்டித்தனம் உண்மை. ஆனால் அது நாங்கள் விரும்பித் தெரிவு செய்த எரிபொருள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேணும்.

மாமாவுக்கு எழுதின பதில் இதுதான். பழைய நாளை அப்படியே தொட்டுப் பார்க்க ஆசையெண்டால் 803. ஊர் வீதிகளில் ஞாயிற்றுக்கிழமை ஓடவெண்டால் 948, சுழற்சிக்கு இலகுவானது, சத்தமும் இனிமை. நெடுஞ்சாலைக்கு 1098. மூன்றும் ஒரே எஞ்சின் குடும்பம் என்பதால் பிறகு மாற்றலாம். அந்த அகலமான இடத்துக்குள் 1275 சி.சி. எஞ்சினைப் போட்டு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதற்குப் பிறேக்கையும் மாற்ற வேணும். எல்லாத்துக்கும் முதல் காருக்குக் கீழே குனிந்து பாருங்கோ. கூரை மடிக்கும் காரில் தளமும் பக்கச் சட்டங்களும்தான் முழுப் பாரத்தையும் தாங்குது. அங்கே கறள் பிடிச்சிருந்தால் எத்தனை சி.சி. இருந்தும் பயனில்லை. சாதாரண மைனரின் கூரையை வெட்டி "அசல்" என்று விற்கிறவர்களும் உண்டு, இலக்கத் தகட்டையும் பாருங்கோ. எங்கட விருப்பம் 948 என்றும் எழுதினம்.

இரண்டு கிழமை கழித்து மாமா படம் அனுப்பினார். 1967 ஆம் ஆண்டுக் கார், 1098 சி.சி.

"நீங்கள் சொன்னது சரி பிள்ளையள், 948 தான் வடிவு. ஆனா மகள் இருக்கிறது பேமிங்கத்தில. மோட்டர்வேயாலதான் போகோணும். லொறிக்காரன் பின்னுக்கு நிண்டு ஹோர்ன் அடிப்பான்."

அவரின் அப்பாவுக்குத் தடை தெரிவு செய்து கொடுத்தது. மாமாவுக்கு வீதி தெரிவு செய்து கொடுத்திருக்கு. படத்தில் கூரை திறந்திருந்தது. பின் இருக்கையில் பேரப்பிள்ளை. பெற்றோல் தாங்கி நிரம்பியிருக்கு என்று கீழே எழுதியிருந்தார்.