லான்செட்டுக்குப் போன கீழாநெல்லி

ஐப்பசி மழை நாலு நாள் பெய்தால் போதும், வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் வீட்டுக் கொல்லையிலும் கீழாநெல்லி தானாக முளைத்துவிடும். முழங்கால் உயரம்கூட எட்டாத செடி. புளிய இலைபோல் இரு பக்கமும் சிற்றிலைகள், அவற்றின் அடிப்பக்கம் வரிசையாகப் பொடிக் காய்கள். காமாலை கண்டவருக்கு அதை வேரோடு பிடுங்கிக் கழுவி, அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரில் கரைத்துக் கொடுப்பார்கள். புளியும் எண்ணெயும் தள்ளிப் பத்தியம் இருக்கச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களுக்கு இது பாட்டி வழி வந்த பாடம்.

இந்தச் செடி ஒரு காலத்தில் உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் வரை போய்வந்தது. போன கதையை நாம் பெருமையோடு சொல்கிறோம். அங்கே பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதால் உயிர்கள் போகின்றன என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

முதலில், ஈரலைத் தாக்கிக் காமாலை கொண்டுவரும் ஒரு வைரசின் கதை. 1960களில் அமெரிக்க மருத்துவர் பரூக் புளூம்பெர்க் உலகின் பல இனமக்களின் ரத்த மாதிரிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் புதுவகைப் புரதம் ஒன்று அகப்பட்டது. அது ஹெபடைட்டிஸ் பி வைரசின் மேலுறை என்பது சில ஆண்டுகளில் தெளிவானது. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரும் பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் உடன் உழைத்த இர்விங் மில்மனும் அந்த மேலுறைப் புரதத்திலிருந்தே தடுப்பூசிக்கு வழி கண்டார்கள். ஆனால் தடுப்பூசி, இனி தொற்றப் போகிறவர்களுக்குத்தான் உதவும். ஏற்கெனவே வைரசைச் சுமந்துகொண்டிருந்த கோடிக்கணக்கானவர்களுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை.

அந்த வெற்றிடத்தில்தான் கீழாநெல்லி நுழைந்தது. சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ். பி. தியாகராஜன் (பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்) தம் குழுவினரோடு கீழாநெல்லியையும் கரிசலாங்கண்ணியையும் சோதனைக் குழாயில் வைரசின் மேலுறைப் புரதத்தோடு சேர்த்துப் பார்த்தார். புரதம் செயலிழந்தது. 1982இல் அந்த முடிவு அச்சேறியது. ஊர் வைத்தியத்தை நம்பியும் விடாமல், ஒதுக்கியும் விடாமல், குழாயில் போட்டுப் பார்ப்போம் என்று துணிந்ததே பெரிய காரியம்.

பிலடெல்பியாவில் புளூம்பெர்க் குழுவும் பல நாடுகளில் காமாலைக்குக் கொடுக்கும் மூலிகைகளைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் குழுவின் வெங்கடேஸ்வரன், மில்மன், புளூம்பெர்க் மூவரும் கீழாநெல்லிச் சாற்றை எடுத்துக்கொண்டார்கள். வைரஸ் தன்னைப் படியெடுக்கப் பயன்படுத்தும் நொதியை அது தடுத்தது. அடுத்து வுட்சக். வட அமெரிக்காவில் வளை தோண்டி வாழும், அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொழுத்த விலங்கு. மனிதரின் பி வைரசுக்கு நெருங்கிய உறவான ஒரு வைரஸ் அதன் ஈரலைத் தாக்கும். அண்மையில் தொற்றிய நான்கு வுட்சக்குகளுக்குச் சாற்றை வயிற்றறையில் ஊசிவழி ஏற்றியபோது, மூன்றில் சில வாரங்களில் வைரசின் அடையாளமே ரத்தத்தில் இல்லாமல் போனது. மருந்தை நிறுத்தி 45 வாரம் ஆகியும் திரும்பவில்லை. 1987இல் இது வெளிவந்தது.

1988இல் சென்னையும் பிலடெல்பியாவும் கைகோத்து எழுதிய கட்டுரை லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நாள்பட்ட பி தொற்றுள்ள 78 பேர். ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். மற்றவர்களுக்கு வெற்று மருந்து. பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸ் மேலுறை காணவில்லை. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது.

இந்த எண்ணிக்கையின் கனம் புரிய இன்றைய நிலையைச் சொல்ல வேண்டும். இப்போதுள்ள சிறந்த மாத்திரைகள் வைரசை அடக்கி வைக்கும், ஈரலைக் காக்கும். ஆனால் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து முழுக்க மறைவது வெகு சிலருக்கே, அதுவும் பல ஆண்டுகள் கழித்தே. அந்த மறைவைத்தான் ஆய்வாளர்கள் இன்றும் துரத்துகிறார்கள். வயல்வரப்புச் செடி ஒன்று அதை ஒரே மாதத்தில் பாதிப் பேருக்கு மேல் செய்துகாட்டியது என்றால் உலகம் நிமிராதா?

நிமிர்ந்தது. அதனால்தான் பலரும் செய்து பார்த்தார்கள். 1990இல் தாய்லாந்து: பலன் இல்லை. அடுத்த ஆண்டு நெதர்லாந்து: பலன் இல்லை. 1994இல் நியூசிலாந்து: அங்கும் இல்லை.

ஏன்? செடியிலிருந்தே சந்தேகம் தொடங்குகிறது. கீழாநெல்லிக்கு அறிவியல் பெயராக ‘பிலாந்தஸ் நிரூரி’ என்று நம் நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தது ஒரே செடி அல்ல. உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் ஊரில் அந்தப் பெயரில் வழங்கியவை அமாரஸ் முதலிய வேறு இனங்கள் என்று 1980களில் இந்தியத் தாவரவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். 1987இல் நிரூரி என்று எழுதிய குழுவே 1988இல் அமாரஸ் என்று எழுதியது. மண், பருவம், பறித்த வயது, உலர்த்திய முறை எல்லாம் செடிக்குள் இருக்கும் சத்தை மாற்றக்கூடியவை. இந்த வாதத்தில் நியாயம் உண்டு.

ஆனால் என் கண் லான்செட் ஆய்வின் அந்த 78 பேரில்தான் நிற்கிறது. முடிவில் கணக்கில் வந்தவர்கள் 37ம் 23ம், ஆக 60 பேர். 18 பேர் இல்லை. சிறிய ஆய்வில் இவ்வளவு பேர் விடுபட்டால், மீதியின் விழுக்காட்டை அப்படியே நம்புவது கடினம். பரிசோதனையும் மருந்து முடிந்த 15 முதல் 20 நாளில் நடந்தது. நீண்ட நாள் பின்தொடர்ந்தது சிலரை மட்டுமே. முதல் ஆய்வு நேர்மையானது. அது முதல் ஆய்வு மட்டுமே.

ஆய்வுக்கூடத்தில் செடி தோற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வைரசின் மரபணு படியெடுக்கப்படுவதைச் சாறு குறைக்கிறது என்று 1990களின் நடுவில் செல்களிலும் எலிகளிலும் கண்டார்கள். மனிதரிடம்தான் அது கைகூடவில்லை. 2011இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 16 ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டது, 1,326 நோயாளிகள். வைரஸ் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது சிறிது பலன் தெரிந்தாலும், அந்த ஆய்வுகள் தரம் குறைந்தவை, போதிய சான்று இல்லை என்பதே முடிவு.

அப்படியானால் நம் வீடுகளில் காமாலை குணமானது பொய்யா? குணமானது மெய். ஹெபடைட்டிஸ் ஏ வைரசும் ஈ வைரசும் தண்ணீர் வழி வருபவை. அவை கொண்டுவரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கும். பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றும் பி கூட நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரிடம் தானாக விலகிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் அதற்கே பெயர் கிடைக்கும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றும் பி வேறு. தடுப்பூசி இல்லாவிட்டால் அந்தக் குழந்தைகளில் பத்தில் ஒன்பதில் அது நிலைத்துவிடும். கண் மஞ்சளாகாது, பசி குறையாது. முப்பது, நாற்பது வயதில் ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோக்கும்போதோ, புற்றுக்கட்டி தென்படும்போதோதான் தெரியவரும்.

‘ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்’ என்று தாள் வந்ததும் மூலிகைக் கடைக்குப் போகிறவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். ‘லான்செட்டே ஒப்புக்கொண்ட மருந்து’ என்று அவர்களிடம் சொல்லப்படுவது 1988ஆம் ஆண்டுச் செய்தி. மேலுறைப் பரிசோதனை, வைரஸ் அளவு, ஈரல் தழும்பு மூன்றையும் பார்த்துத்தான் மாத்திரை தேவையா, காத்திருக்கலாமா என்று மருத்துவர் முடிவுசெய்ய முடியும். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனை மையங்களில் இலவசம். வீட்டில் ஒருவருக்குப் பி இருந்தால் மற்றவர்களும் ரத்தம் பார்த்து, இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். தாய்க்கு இருந்தால் குழந்தைக்கு முதல் ஊசி பிறந்த 24 மணி நேரத்துக்குள்.